இருபத்து நான்காம் தாள்

தன் கையால் வண்ணம் பூசிய பொம்மையைப் பார்த்துப் பயந்தவன் என்று உலக சரித்திரத்தில் ஒருவன்கூடக் கிடையாது என்பது நூருல் அமீனின் அசைக்க முடியாத முடிவு. இதை அவன் கோலாலம்பூர்க் கல்லூரி விடுதியில் மூன்று மேசைகளிலும், கோல சிலாங்கூரில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நிறுவியிருந்தான். வீட்டில் எதிர்வாதம் செய்ய உம்மாவும் ஆறு வயதுத் தங்கை கதீஜாவும் மட்டுமே இருந்ததால் தீர்ப்பு அவன் பக்கமே ஆனது.

ஆகையால், எண்பத்தாறாம் ஆண்டு டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை மாலை, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில், வாசல் கம்பிக் கதவின் முன்னால் கதீஜா வலது காலை முன்வைத்து, இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, மூச்சுக்கூட விடாதவள்போல நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது அவனுக்குப் பயம் வரவில்லை. அந்த நிலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மட்டும் பட்டது.

"என்ன புள்ள பண்றே? சிலையா?"

"அவரு இப்புடி நிக்கிறாரு நானா." அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எவரு?"

கதீஜா கம்பிக்கு வெளியே, சாக்கடைக்கு அப்பால், தென்னைமரத்தடியைக் காட்டினாள். அங்கே தென்னைமரம் இருந்தது. அதற்குப் பின்னால் ஆற்றோர நீப்பாப் பனைப் புதர் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"நேத்து கால் பின்னாடி இருந்துச்சு," என்றாள். "முந்தாநேத்து ரெண்டு காலும் ஒண்ணா இருந்துச்சு."

பாங்கு முடிந்தது. அவள் சாதாரணமாகக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி, உம்மாவிடம் பிஸ்கட் கேட்டாள். அமீன் கம்பிக் கதவருகிலேயே நின்றான். வலது கால் முன்னே. இடது தோள் இறக்கம். அது ஒன்பதாம் தாள். அவன் பூசியது. இன்று ஒன்பதாம் நாள்.

விஷயம் இதுதான். கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மாடியில் ஓர் அலுவலகம், வெளிநாட்டார் எடுக்கும் கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு வண்ணம் அடித்துக் கொடுக்கும் வேலையை எடுத்திருந்தது. இங்கிலாந்தில் யாரோ ஓர் ஆசிரியை எழுதிய ஆறு சிறுவர் புத்தகங்கள்தாம் தொடரின் மூலம்: காணாமல்போன ஆற்றைத் தேடி ஒரு சிறுமியும் ஒரு நொண்டி நரியும் போகிறார்கள். விடுமுறையில் சும்மா கிடப்பானேன் என்று அமீன் அந்த வேலையைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள்கள். முன்பக்கம் கறுப்புக் கோட்டில் உருவம் இருக்கும். தாளைப் புரட்டிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் அடிக்க வேண்டும். முதலில் எல்லாத் தாளிலும் அங்கியின் சாம்பல், பிறகு எல்லாத் தாளிலும் கையின் வெளிறிய பச்சை. வண்ணம் படாத இடம் வெறும் கண்ணாடிதான். தாளை எதன்மேல் வைத்தாலும் அதுவே உருவத்துக்குப் பின்னணி. பத்திரிகைமேல் வைத்தால் நரி அமைச்சர் பேச்சின்மேல் நடக்கும். இதில் அமீனுக்கு அளவில்லாத சந்தோஷம்.

உம்மா மெகராஜ் பேகத்தின் கை சுத்தம். கோடு தாண்டாது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"கையி காலு எல்லாம் அடிச்சுத் தர்றேன் அமீனு. கண்ணு மட்டும் வைக்க மாட்டேன். நாளைக்கு மஹ்ஷர்ல, தீர்ப்பு நாளன்னிக்கு, நீ வரைஞ்சதுக்கு உசுரு குடுன்னு கேட்டா நான் எங்கெ போவேன்?"

"வரைஞ்சது ஜப்பான்காரன் உம்மா. நாம வெறும் பெயிண்ட். கேள்வி கணக்கெல்லாம் தோக்கியோவுக்குப் போயிரும்."

உம்மா அசையவில்லை. அதனால் கண்கள் மட்டும் தோட்டத்துக்குப் போயின. எட்டு மைல் தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் தாயம்மா இருந்தாள். அவள் புருஷன் செல்லன் தோட்டத்து மாரியம்மன் கோயில் சுதைகளுக்கு வண்ணம் அடித்தவர். அவர் போனபின் தூரிகை அவள் கைக்கு வந்துவிட்டது. தாயம்மாவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கண் வைக்குமுன் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து, உதட்டுக்குள் ஏதோ மந்திரம் முணுமுணுப்பாள். கருவிழி காய்ந்த பிறகுதான் எடுப்பாள்.

"மொதப் பார்வை யாரு மேல வுழுதோ, அது அவுங்க பின்னாலதான் போவும் தம்பி. தன் மேலயே வுழுந்துட்டா தன்னோடயே இருந்துக்கும்."

"இது கார்ட்டூன்கா. எலெக்‌ஷன்ல நிக்கிற ஆளு இல்ல, வூடு வூடா பின்னாலயே வர்றதுக்கு."

"சிரி சிரி. ஒனக்கென்னா லா, படிச்ச புள்ள."

கட்டு வாங்கக் கோலாலம்பூர் போனபோது, விடுமுறைக்கும் விடுதியிலேயே தங்கியிருந்த நண்பர்களுக்கு இதை அவன் நடித்தே காட்டினான். ஒரு கையில் கற்பனைக் கண்ணாடி, ஒரு கையில் கற்பனைத் தூரிகை, நடுவில் மந்திரம். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

பிறகு மழை பிடித்தது. ஆறு ஏறித் தோட்டத்துப் பாதையை முழுங்கிவிட்டது. இருபத்து நான்கு தாள் கொண்ட கட்டு ஒன்று ஞாயிறு காலை பஸ்ஸில் போயாக வேண்டும். கண்கள் பாக்கி. எல்லாம் ஒரே ஆள்: நாணல்காவலர். சதுப்பில் வழிதவறிய பிள்ளைகளைக் கைபிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற நெட்டை மனிதர். மூக்கு வாய் கிடையாது, இரண்டு கண் மட்டும். கதையிலேயே நல்லவர் அவர்தான். முதல் தாளில் தலைகுனிந்து நிற்பார். நடந்து வருவார். குனிவார். கை நீட்டுவார். இருபத்து நான்காம் தாளில் விரல்கள் மூடும். அவர் பிடிக்கிற பிள்ளையின் கை அந்தத் தாளில் இராது. பிள்ளை தனி அடுக்கு; அதற்கு வேறு தாள். வேறு யாரோ, வேறு எந்த ஊரிலோ அடிக்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு ஒன்பது நாள் முன்பு, சனிக்கிழமை நடுப்பகலில் அமீன் இருபத்து நான்கு சோடிக் கண்களையும் தானே வைத்தான். கண்ணாடி இல்லை, மந்திரம் இல்லை, ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கடைசித் தாளில் வண்ணம் விட்டுப்போன பொட்டு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். தாளின் வெற்றிடத்தில் தெரு வந்து உட்கார்ந்தது. சாக்கடை, தென்னைமரம், கேட். கேட்டில் தொங்கி ஆடிக்கொண்டிருந்த கதீஜா. சாம்பல் மனிதரின் மூடிய விரல்களுக்குள் அவள் கை அளவெடுத்ததுபோலப் பொருந்தியிருந்தது. அதைப் பார்த்து அவன் சிரித்தான். அவளைக் கூப்பிட்டான். அவள் திரும்பி, நேராகத் தாளைப் பார்த்துக் கையசைத்தாள்.

திங்கள் இரவு முழுக்க அவன் இதைத் தர்க்கமாக யோசித்தான். சிறுபிள்ளை. தரையில் காய்ந்துகொண்டிருந்த தாள்களைப் பார்த்திருப்பாள். வரிசையை மனப்பாடம் செய்திருப்பாள். செவ்வாய்க்கிழமை மாலை அவளிடம் கேட்கவில்லை. தானாகவே வந்து பத்தாம் தாளாக நின்றாள். பதினொன்றில் அங்கியின் ஓரம் பின்பக்கம் விசிறும். புதன் மாலை அவள் தன் கவுனின் ஓரத்தைப் பின்பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அவரு எங்கெ நிக்கிறாரு இப்ப?"

"சாக்கடைக்கு இந்தப் பக்கம்."

"பயமா இருக்கா?"

"எதுக்கு? வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவ வர்றாரு. நீங்கதானே கதை சொன்னீங்க."

"நாம வூட்டுலதானே புள்ள இருக்கோம்."

கதீஜா அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "இந்த வூடு இல்ல நானா."

வியாழன் காலை அவன் கடைத்தெருப் பொதுத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்துச் சுப்பிரமணியத்தைக் கூப்பிட்டான். தாள்களைத் திருப்பித் தர முடியுமா, கண்ணில் ஒரு தவறு, திருத்தித் தருகிறேன் என்றான்.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல லா. கண்ணு ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொன்னாங்க. படம் புடிச்சாச்சு தம்பி."

"தாள் இருக்கும்ல?"

"தாள் எங்கெ இருக்கும்? கழுவிட்டோம். பெயிண்ட்டைக் கழுவிட்டுத்தானே அதே தாள்ல அடுத்த சீன் போடறது. அதுல இப்ப நரி ஓடுது."

மழை விட்ட மறுநாள், சேறு முழங்காலுக்கு இருக்கும்போதே, அவன் தோட்டத்துக்குப் போனான். தாயம்மா கோழிக்கு அரிசி தூவிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை தூவுவதை நிறுத்தவில்லை. முடித்ததும் தட்டைக் கீழே வைத்தாள். அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்று நம்பித்தான் அவன் எட்டு மைல் வந்திருந்தான்.

"தாளைக் கொண்டாந்தியா?"

"கழுவிட்டாங்களாம்கா."

"அப்பன்னா அதுக்கு இருக்கறதுக்கு எடமில்ல." சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். "கண்ணு தொறந்ததை மூடறதுக்கு எங்க வூட்டுக்காரரு எனக்கு ஒண்ணும் சொல்லித்தரல தம்பி. தொறக்கறதுதான் சொல்லிக்குடுத்தாரு. பாப்பாவைக் கூட்டிட்டு எங்கயாச்சும் போயேன்."

"போனா நிக்குமா?"

தாயம்மா தட்டை எடுத்து மறுபடி கோழிகளுக்கு அரிசி தூவினாள்.

கிள்ளானில் அவன் தகப்பனார், வாப்பா மீரா முகைதீனின் சாப்பாட்டுக் கடை; அவர் அங்கேயே தங்கிவிடுவார். கடைக்குமேல் மூன்றாம் மாடியில் ஓர் அறை. பதினேழாம் நாள் கதீஜாவை அங்கே கொண்டுபோய் வைத்தான். விடுமுறைக்குத் தங்கைக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற பாசக்கார அண்ணன் என்று கடைக்காரர்கள் எல்லாரும் மெச்சினார்கள். கீழே மீன்கறி கொதிக்கிற வாடை, தட்டுகள் உரசுகிற சத்தம், லோரிகளின் ஹாரன், எதிர்வரிசைச் சீனன் கடையின் சிவப்பு விளக்கு. மஃரிபுக்கு முன் அவன் ஜன்னல் பலகைகளைச் சாத்திக் கொக்கி போட்டான். பாங்கு தொடங்கியது. மீன்கறி வாடைக்குள் மெல்லிய ஒரு புளிப்பு வந்து கலந்தது. வினிகர் போல. புது வண்ணம் காய்கிற வாசம்.

கதீஜா மூடிய ஜன்னலின் முன் நின்றாள். முதுகை வளைத்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்தாள். பதினேழு. குனியத் தொடங்குகிற தாள்.

"இங்கெயும் வந்துட்டாரா?" என்று கேட்டபோது அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

"அவரு நடந்துக்கிட்டேதான் இருக்காரு நானா. நாமதான் எடத்தை மாத்துறோம்."

மறுநாள் திரும்பி வந்துவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் கேட்டின் இடது தூணைக் கவனித்தான். தூணின் விளிம்பில், மேலிருந்து கீழ்வரை, முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு. எறும்பு வரிசை என்று நினைத்தான். விரலால் தேய்த்தான். போகவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தான். சுண்ணாம்பு வந்தது, கோடு வரவில்லை. கோடு தூணின்மேல் இல்லை. எங்கே நின்று பார்த்தாலும், தூண் முடிந்து வானம் தொடங்குகிற அந்த ஓரத்திலேயே நின்றது. இருபதாம் நாள் தென்னைமரத்துக்கு வந்திருந்தது. இருபத்தொன்றில் வாசற்படிக்கு. ஓரம் கட்டிய பொருள்களெல்லாம் கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தன. படியில் கால்வைக்கும்போது அவன் கீழே பார்க்காமல் வைத்தான்.

உம்மாவிடம் சொல்லவில்லை. உம்மா கேட்கவுமில்லை. ஆனால் இருபத்தொன்றாம் நாளிலிருந்து அவள் புதிய கட்டுகளைத் தொடுவதை விட்டுவிட்டாள். கூடத்துச் சுவரிலிருந்த வாப்பாவின் படத்தையும், சீனன் கடைக் காலண்டரையும் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள். கதீஜாவைத் தன் பாயிலேயே போட்டுக்கொண்டு ஓதி ஓதி ஊதினாள். முன்பென்றால் அமீன் ஏதாவது சொல்லியிருப்பான். இப்போது அவள் மறந்துவிட்ட சோப்பு டப்பாவை அவனே எடுத்து, அதிலிருந்த குழந்தைப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

இருபத்து மூன்றாம் நாள் காலை கதீஜாவுக்குச் சோறு ஊட்டும்போது பார்த்தான். வலது கை விரல் ஐந்திலும். நகத்தைச் சுற்றி. முடி கனம்.

குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். சோப்புப் போட்டான். நார் போட்டான். அவள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். தோல் சிவந்தது. சிவப்பைச் சுற்றிக் கோடு ஒழுங்காக நின்றது. அழகான கோடு. நடுங்காத கை போட்ட கோடு.

"வலிக்குது நானா."

"சரி புள்ள. சரி."

"நாளைக்கு வலிக்காதாம்."

செவ்வாய்க்கிழமை. இருபத்து நான்காம் நாள். அமீன் ஐந்து மணிக்கே முன்கதவைச் சாத்தினான். பின்கதவுக்கு அரிசிமூட்டையை முட்டுக்கொடுத்தான். உம்மா தொழுகைப் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, கதீஜாவை மடியில் இருத்தி, இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள். ஆறு மணி. ஆறரை. ஆற்றிலிருந்து மோட்டார்ப் படகு ஒன்று கடலுக்குப் போகிற சத்தம் கேட்டுத் தேய்ந்தது. மலாவாத்திக் குன்றின் குரங்குகள் கத்திவிட்டு அடங்கின. விசிறி தலைக்குமேல் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. புளிப்பு வாசம் கதவிடுக்கில் வந்தது. முதலில் கொஞ்சம். பிறகு தொண்டையை அடைக்கிற அளவு.

ஏழு.

அவன் எழுந்து குளியலறைக்குப் போனான். ஆணியில் தொங்கிய சவரக் கண்ணாடியைக் கழற்றினான். கூடத்துக்கு வந்து, முன்கதவுக்கும் கதீஜாவுக்கும் நடுவில் நின்று, கண்ணாடியை நெஞ்சுக்கு நேரே, முகப்பு வெளியே பார்க்கும்படி இரண்டு கையாலும் பிடித்தான். தாயம்மா என்ன சொல்லுவாளோ அது தெரியாததால் தெரிந்ததைச் சொன்னான். விடுதியில் அவன் நடித்துக் காட்டியபோது உதடு எப்படி அசைந்ததோ, அப்படியேதான் இப்போதும் அசைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"அமீனு," என்றாள் உம்மா பின்னாலிருந்து. "புள்ள சில்லுன்னு இருக்குது."

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. முதல் சொல் தொடங்கியது.

முடியவில்லை.

அந்தச் சொல்லின் நடுவில் ஒலி நின்றது. தேயவில்லை. நின்றது. விசிறியின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. ஜன்னல் இடுக்கில் ஒரு காகம், இறக்கை விரித்தபடி, வானத்தில் ஒட்டியிருந்தது. அமீன் திரும்பிப் பார்க்க நினைத்தான். கழுத்து வரவில்லை. இமை வரவில்லை. கட்டை விரலில் ஊர்ந்துகொண்டிருந்த வியர்வைத் துளி பாதியில் இருந்தது. கண்ணை நகர்த்தாமலே கண்டான்: தன் விரல்களுக்கு ஓரம் இல்லை. கறுப்புக் கோடு இல்லை. மங்கிய, பூசிவிட்ட வண்ணம் மட்டும்.

அவனுக்குப் புரிந்தது. ஒரு காட்சிக்கு ஒரு பின்னணிதான் அடிப்பார்கள். அது அசையாது; அவனும் உம்மாவும் இப்போது அதுதான்.

அடைத்த கதவு திறந்திருந்தது. திறக்கவில்லை. திறந்திருந்தது.

பின்னால் நடப்பது பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது: கதீஜா பாயில் இருந்தாள். பிறகு பாய்க்கு வெளியே இருந்தாள். இடையில் எழுந்தது என்பதே இல்லை. உம்மாவின் இரண்டு கைகளும் அவள் இருந்த வடிவத்துக்கு வளைந்தபடி நின்றன. கதீஜா அவன் இடுப்புக்கருகில் இருந்தாள். முன்னால் இருந்தாள். ஒரு கால் தரையில். மறு கால் தரையில். நடுவில் ஒன்றும் இல்லை. கவுன் அலை அலையாக அல்ல, மடிப்பு மடிப்பாக மாறியது. அவள் கண்ணாடியைத் தாண்டினாள். கண்ணாடியில் என்ன தெரிந்தது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது ரசம் உரிந்த அதன் பின்பக்கத்தை.

வலது கை கீழே. வலது கை மேலே. தோளுக்கு மேலே, விரல்கள் எதையோ சுற்றிப் பாதி மூடி. மிகப் பெரிய ஒரு விரலைச் சுற்றி.

படி. சாக்கடைப் பலகை. கேட்.

கேட்டில் அவள் திரும்பினாள். மூன்று திருப்பமாக. பக்கவாட்டு. முக்கால். நேர்.

அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள் என்றுதான் அவன் நினைக்க விரும்பினான். வாய் இருந்தது. சிவப்பு அடித்திருந்தது. கன்னம் அடித்திருந்தது. கவுனின் மஞ்சள், ரிப்பனின் பச்சை, எல்லாம் கோட்டுக்குள் சுத்தமாக அடித்திருந்தது. கண்களை மட்டும் இன்னும் யாரும் வைக்கவில்லை. அமீன் சவரக் கண்ணாடியை ஏந்தியபடி நின்றான். கண் இருக்கவேண்டிய இரண்டு வெற்று வட்டங்களுக்குள்ளும், அவளுக்குப் பின்னாலிருந்த தெருவும் தென்னைமரமும் தெளிவாகத் தெரிந்தன.